பரிந்துரையின் பொறுப்பு: துறைமுகம் முதல் தம்மம்பட்டி வரை

தமிழக முஸ்லிம்களின் வணிக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலைப் பார்த்தே எழுதினர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்னும் துறைகளின் பெயர்களே அவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிக்கரையில் அமைந்த தம்மம்பட்டி போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு அதில் இடமில்லை. திறமைக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. வாகை முதலிய மரங்களில் அவ்வூர்க் கைவினைஞர் செதுக்கும் உருவங்களும் கதவுகளும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆயினும் செதுக்கியவர் பெயரை வாங்குபவர் பெரும்பாலும் அறியார். இடையில் நிற்பவரே இருபுறமும் அறிந்தவர். துறைமுகத்தானுக்கு வாய்த்து உள்நாட்டானுக்கு வாய்க்காமற்போனது அறிமுகம் என்னும் ஒன்றேயாகும். அக்குறையை லிங்க்ட்இன் போன்ற தொழில்முறை வலைத்தளங்கள் நீக்கிவிடும் என இன்று சொல்லப்படுகிறது. பழைய அறிமுகம் எவ்வாறு இயங்கிற்று என்று பார்த்த பின்னரே இக்கூற்றை நாம் எடைபோட இயலும்.

கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கொல்லத்துத் தேவாலயம் ஒன்றுக்கு வேணாட்டு ஆட்சியாளர் வழங்கிய உரிமைகளைக் கூறுவன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுக்களுக்கு அவற்றில் முக்கிய இடமுண்டு. நம் கவனத்தை ஈர்ப்பது சாட்சிகளின் கையொப்பங்கள். சிலர் கூஃபி அரபு எழுத்திலும், சிலர் பஹ்லவியிலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். மொழியாலும் மார்க்கத்தாலும் வேறுபட்டோர் ஒரே ஆவணத்துக்குத் தம் பெயரைப் பிணையாக்கினர். பெயரைப் பிணை வைத்தல் என்னும் இச்செயலே அக்கால வணிகத் தொடர்பின் உயிர்நாடி எனலாம்.

பழைய கெய்ரோவின் ஜெனீஸாக் கடிதங்களும் இதையே காட்டுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பின் யிஜு என்னும் யூத வணிகருக்கும் ஏடனிலிருந்த அவருடைய கூட்டாளிகளுக்கும் இடையே சென்ற மடல்களில் மிளகின் விலையும் கப்பலின் நிலையும் உண்டு. வாக்குத் தவறியவனைப் பற்றிய முறையீடும் உண்டு. ஒரு துறையில் ஏமாற்றியவனின் பெயர் அடுத்த பருவக்காற்றோடு மறுதுறையை எட்டிவிடும்.

இஸ்லாமிய மரபு இவ்வழக்கத்துக்கு அறநெறி அடிப்படை ஒன்றையும் தந்தது. நபித்துவத்துக்கு முன்னர் அண்ணலார் (ஸல்) அவர்களின் நாணயத்தைக் கேள்வியுற்றே அன்னை கதீஜா (ரலி) தம் சரக்குகளை ஷாம் தேசத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கேள்வியோடு நில்லாமல் மைஸரா என்னும் பணியாளரையும் உடன் அனுப்பினார்கள். ஊரார் வாய்ச்சொல் ஒருபுறம், உடன் பயணித்தவரின் நேர்ச்சாட்சி மறுபுறம். கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய புகழ்பெற்ற செய்தியொன்றும் இவ்வகையினது. ஒருவரை நல்லவர் எனச் சான்றளிக்க வந்தவரிடம், நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்தீரா, தீனார் திர்ஹம்களில் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்தீரா என அவர்கள் வினவினார்கள். மூன்றுக்கும் இல்லை என விடை வரவே, அவரை நீர் அறியமாட்டீர் என முடித்துவிட்டார்கள். நற்பரிந்துரை செய்தவருக்கு அதன் பலனில் பங்குண்டு, தீய பரிந்துரை செய்தவருக்கும் அதன் சுமையில் பங்குண்டு என்னும் கருத்து அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. பரிந்துரைப்பவன் விளைவிலிருந்து விலகி நிற்க இயலாது என்பதே இதன் உட்கிடை.

சூலியர் எனப்பட்ட சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் கிழக்கே சென்றபோது இந்த ஒழுங்கைத் தம்மோடு கொண்டு சென்றனர். பினாங்கு 1786இல் ஆங்கிலேயர் வசமானது. 1801இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. அதை நிறுவிய காதர் முஹ்யித்தீன் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். ‘கப்பித்தான் கெலிங்’ என்னும் தலைமைப் பதவியை வகித்தவர். 1819இல் ஆங்கிலேய வணிகத்தளமான சிங்கப்பூரிலும் 1826இல் சூலியர் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவின் நினைவிடமும் அமைந்தன. புதிதாக இறங்கிய இளைஞனுக்குத் தொழுகையிடம் முதல் அறிமுகத்தின் இடமுமாயிற்று. எந்த ஊர், யார் மகன், யாருடைய கடிதம் என்னும் வினாக்களுக்கு விடை இருந்தால் வேலையும் இருந்தது.

விடை இல்லாதவனின் நிலை என்ன? நம் வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு எழுதிச் செல்லும் பக்கங்களில் இக்கேள்வி அரிதாகவே எழுகிறது. கடலோர வணிகத் தொடர்பு உறவினருக்குள்ளும் ஊராருக்குள்ளும் சுழன்றது. அதன் நம்பகத்துக்கும் அடைப்புக்கும் காரணம் ஒன்றே. சேலத்துச் சமவெளி ராவுத்தர் குடும்பத்துப் பையன் எவ்வளவு கூர்மையானவனாயினும் கீழக்கரைப் பெரியவர் ஒருவரின் கடிதம் அவன் கைக்கு எளிதில் எட்டாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கதீஜா நாயகியின் வரலாற்றை ஓதிய அதே சமூகத்தில்தான் இந்நிலை என்பதையும் குறித்துவைக்கலாம்.

இவ்வடைப்பில் முதற்பிளவை உண்டாக்கியவை கல்வி நிலையங்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி தோன்றியது. அதன் நிறுவனர்களாக மதராசின் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிபும் திருச்சியின் காஜாமியான் ராவுத்தரும் போற்றப்படுகின்றனர். உள்நாட்டு ஊர்களின் மாணவர் பலருக்கு, உறவினரல்லாத, ஆனால் தம்மை நேரில் அறிந்த ஆசிரியரும் தோழரும் அங்கே கிடைத்தனர். வளைகுடா நாடுகளின் வாயில் திறந்தபோது இத்தகைய தொடர்பு எவ்வளவு பயன்பட்டது என்பதை நம்முள் பலர் அறிவோம். குருதியுறவு வகித்த சான்றளிக்கும் இடத்தில் வகுப்பறையும் அமர்ந்தது.

2003இல் தொடங்கி, 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் 2,620 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட லிங்க்ட்இன் இவ்வாயிலை இன்னும் அகலத் திறந்திருக்கிறது. நெருங்கிய உறவினரைவிடத் தொலைவான அறிமுகமே புதிய வாய்ப்புச் செய்திகளைக் கொணரும் என 1973இலேயே சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதினார். லிங்க்ட்இன் பயனர் 2 கோடிப் பேருக்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த சோதனைகளின் முடிவு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஓரளவு தளர்ந்த அறிமுகமே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவியது என்பது அம்முடிவு. கணினிப் பயன்பாடு குறைந்த தொழில்களிலோ நெருங்கிய உறவே கைகொடுத்தது என்பதையும் அவ்வாய்வு சொல்கிறது. எனவே தம்மம்பட்டியின் மென்பொருள் படித்த இளைஞனுக்கு இத்தளம் செய்யும் உதவியை அதே தெருவின் சிற்பிக்கும் செய்யும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

வாயில் அகன்றபோது காவலும் அகன்றுவிட்டதா என்பதே நம் கவலை. இத்தளங்களில் ஒருவரின் திறமையை மற்றவர் உறுதிப்படுத்த ஒரு சொடுக்குப் போதும். அண்டையில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை, பயணமும் வேண்டியதில்லை, பணம் கைமாறியிருக்கவும் வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்களின் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கும் விடையில்லாமலே சான்று கிடைத்துவிடுகிறது. பொய்யாகிப்போனால் சான்றளித்தவருக்கு இழப்பும் இல்லை.

இது ஏட்டளவிலான கவலை எனக் கருதுவோர் 2022ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என அழைக்கப்பட்ட இந்திய இளைஞர் பலர், தமிழகத்தாரும் அவர்களுள் அடக்கம், மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். சமூக ஊடக விளம்பரங்களும் முகவர்களுமே அவர்களை ஈர்த்த கண்ணி என அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். ஜெனீஸாக் காலத்தில் ஒரு பருவக்காற்றுக்குள் பரவிய ஏமாற்றுக்காரன் பெயர், நொடிக்குள் செய்தி பரவும் காலத்தில் ஏன் பரவவில்லை? அவனுக்குப் பெயரே இல்லை. அவனை அறிமுகப்படுத்தியவருக்கும் இல்லை.

காயல்பட்டினத்தார் தாம் குடியேறிய நகரங்களில் நடத்திவரும் நல மன்றங்களை இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம். ஊர்ப் பெயரால் கூடிய அவை கல்வி உதவியும் வேலைச் செய்தியும் வழங்குகின்றன. பரிந்துரைப்பவர் யார் என்பது அங்கே மறைவதில்லை. ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டி வட்டாரத்திலிருந்து துபாயிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிவோர் வலைத்தளத்தில் ஒருவரையொருவர் தேடிக்கொள்வது இன்று அரைமணி வேலை. அதன்பின் ஊரிலிருக்கும் இளைஞன் ஒருவன் அனுப்பிய விண்ணப்பத்தை எடுத்து, அவனுடைய ஆசிரியரையும் அவன் முன்பு வேலைசெய்த கடைக்காரரையும் தொலைபேசியில் அழைத்து விசாரித்து, தம் பெயரை எழுதி மேலாளரிடம் கொடுப்பதற்கு ஒரு மனிதரின் மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படும்.