ஏட்டில் இருந்த பணம்

பூமி தரும் செல்வம் ஒன்றை எடுத்துச் செலவழிக்கும் தலைமுறை, அதற்கு ஈடாக மற்றொன்றையேனும் பின்வருவோர்க்கு விட்டுச்செல்லக் கடமைப்பட்டுள்ளது. இந்த எளிய நீதியை அமெரிக்க ஐக்கிய நாடு சட்டமாகவே எழுதிவைத்தது. ஆயினும் அச்சட்டத்தின் வாக்கு நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் நகரங்கள் விரிந்தன, நெடுஞ்சாலைகள் நீண்டன, காடும் கடற்கரையும் வீட்டுமனைகளாயின. மக்கள் காற்று வாங்கவும் இளைப்பாறவும் எஞ்சியிருந்த இடங்களை ஆராய 1958-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1962-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக, 1964 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தேசியப் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் நிலம் வாங்க இந்நிதி பயன்பட்டது. ஊர்ப் பூங்காக்களுக்கும் உதவி கிடைத்தது. ஆனால் செலவில் பாதியை மாநிலமோ ஊராட்சியோ ஏற்கவேண்டும். அவ்விடத்தைப் பின்னர் வேறு பயனுக்கு மாற்றினால், ஈடான நிலம் தந்தாக வேண்டும்.

தொடக்கத்தில் வருவாய் போதவில்லை. எனவே கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி 1968-இல் இதனுடன் சேர்க்கப்பட்டது. 1978 முதல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் இந்நிதிக்கு உரியதாயிற்று. எடுத்தால் திரும்ப வளராத எண்ணெய், என்றும் நிலைக்கும் பசும்வெளியாக மாறும் என்பதே எண்ணம்.

ஆனால் கணக்கில் வரவு வைத்தது வேறு. கைக்கு வந்தது வேறு. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கினாலன்றிப் பணம் வெளிவராது. முழுத்தொகை கிடைத்த ஆண்டுகள் மிகச் சிலவே. இவ்வாறு 2,000 கோடி டாலருக்கும் அதிகமான தொகை பிற செலவுகளில் கரைந்துபோயிற்று. வாங்கத் தவறிய நிலங்களோ காத்திருக்கவில்லை. விலை ஏறின, கட்டடங்கள் எழுந்தன. 2018-இல் சட்டத்தின் காலமே முடிந்து, சில மாதங்கள் அது செயலற்றுக் கிடந்தது.

2019-இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் இரு பெருங்கட்சியினரின் ஆதரவோடு நிறைவேறிய மற்றொரு சட்டம், ஆண்டுதோறும் 90 கோடி டாலரையும் முழுமையாக வழங்க வழிசெய்தது. நிதி குறைந்த காலத்திலும் நாடெங்கும் 40,000-க்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பணிகள் அதனால் உருப்பெற்றிருந்தன. தம் ஊரில் அதன் பயனைக் கண்ட மக்களே அதற்காக இடைவிடாது வாதாடினர்.

பொதுநன்மைக்கென ஒதுக்கிய பணம், காவலில்லாத விளைச்சலைப் போன்றது. சட்டம் வேலி கட்டலாம். விழித்திருந்து காக்கவேண்டியவர்கள் மக்களே.