உக்குவளைச் சாலையும் மாட்டுக் கொள்ளைநோயும்: ஒரு வைரசின் படியெடுப்புப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த உக்குவளைப் பகுதியில், அதற்கு முன் கோப்பி மூடைகளை இழுத்துச் சென்றவை மாட்டுவண்டிகளே. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றி நாம் ஓரளவு எழுதியுள்ளோம். அச்சாலைகளில் மாண்ட மாடுகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டிலே மாட்டுக் கொள்ளைநோய் இலங்கையை மீண்டும் மீண்டும் தாக்கிற்று. தமிழகத்தார் இதனை வெக்கை நோய் என்பர். வண்டிமாடு இறந்தால் தோட்டத்துரைக்குப் போக்குவரத்துச் செலவு கூடும்; எருமை இறந்தால் கிராமத்தவனுக்கு வயலைச் சேறாக்கவும் சூடடிக்கவும் வழியில்லை. இவ்விரு இழப்புகளுள் முன்னதே அரசாங்கத்தின் செவிக்கு எளிதில் எட்டியிருக்கும் எனக் கருதுகின்றோம்.

இந்நோயின் காரணி பற்றீரியாவை மறிக்கும் வடிகளையும் கடந்துசெல்வது என நிக்கோலும் ஆதில் பேயும் 1902இல் காட்டினர். ஆயினும், அவ்வைரசு மாட்டின் கலத்தினுள் எவ்வாறு இயங்கத் தொடங்குகின்றது என்னும் வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டு சென்றது. அதன் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 16,000 அலகுகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையொன்றில் உள்ளது. அவ்விழை எதிர்ப்படியாய் அமைந்திருப்பதால் கலம் அதனை நேரே வாசிக்க இயலாது. முதலில் அது படியெடுக்கப்படல் வேண்டும்.

இவ்வகை வைரசுகள் படியெடுக்கும் நொதியத்தைத் தம்முடனேயே கொண்டு வருகின்றன என்பதை 1970இல் பால்ற்றிமோர், அலிசு குவாங், மார்த்தா சிராம்ப்பர் ஆகியோர் நிறுவினர். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஒரு கால்நடை வைரசே; மாடு, குதிரை, பன்றி ஆகியவற்றின் வாயிலே கொப்புளம் தோற்றுவிப்பது. அதன் உறையை அழுக்ககற்றியாற் கரைத்து, ஆர்.என்.ஏ.யின் மூலப்பொருள்கள் நான்கையும் இட்டபோது, உயிருள்ள கலம் எதுவுமின்றிச் சோதனைக்குழாயிலேயே படியெடுப்பு நிகழ்ந்தது.

ஆனால் வைரசு தன்னிறைவுடையது என்று இதனாற் கொள்ளலாகாது. அதே வைரசில் பீ என்னும் புரதத்தைப் பற்றீரியாவில் ஆக்கியெடுத்த பாரிக், பானர்ஜி இருவரும், அது செயலற்றிருப்பதையும், கலத்துக்கு உரிய கேசீன் கைனேசு என்னும் நொதியம் அதிற் பொசுபேற்றைச் சேர்த்ததும் படியெடுப்புத் தொடங்குவதையும் 1992இல் வெளியிட்டனர். 2004இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் சைலாவின் குழுவினர் மாட்டுக் கொள்ளைநோய் வைரசின் ஆர்.என்.ஏ. ஆக்கத்தைக் கலத்துக்கு வெளியே மீள அமைத்தனர். அதன் பீ புரதத்துக்கும் அதே பொசுபேற்று இன்றியமையாதது என்றும் கண்டனர். உக்குவளைச் சாலையில் விழுந்த மாட்டைக் கொன்ற இயக்கத்துக்குத் திறவுகோல் அம்மாட்டின் கலத்திலேயே இருந்தது.

இவ்வறிவினால் நோய் ஒழிந்ததன்று. ஒழித்தவை தடுப்புப்பால்கள்: 1920களில் முக்தேசுவரில் எட்வர்ட்சு ஆட்டில் வளர்த்து வலுக்குறைத்தது, பின்னர் கென்யாவிற் பிளவுரைற்று இழைய வளர்ப்பில் ஆக்கியது. ஒழித்தவர், அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கால்நடை ஊழியர். அவர்களுடைய பெயர்கள் எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறுவதில்லை. இலங்கையில் நாற்பதாண்டளவு காணப்படாதிருந்த நோய், 1987இல் இந்திய அமைதி காக்கும் படையினருடன் வந்த ஆடுகள் வழியே மீண்டும் புகுந்தது. படைநடமாட்டம் கால்நடைக்குக் கொண்டுவரும் கேட்டுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்தியாவின் இறுதி நிகழ்வு 1995இல் தமிழகத்தில் பதிவாயிற்று. 2011இல் உலகெங்கும் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது; இங்கிலாந்தின் பேர்பிரைற்று நிறுவனம் தன்னிடமிருந்த பெருந்தொகையான வைரசுச் சேமிப்பை 2019இல் அழித்தது.

எனினும் அதன் நெருங்கிய உறவான ஆட்டுக் கொள்ளைநோய் இன்றும் உண்டு. இந்தியாவில் அது முதன்முதல் இனங்காணப்பட்டது விழுப்புரத்தை அடுத்த அரசூரில், 1987இல், செம்மறி ஆடுகளில். அந்த வைரசை அடையாளங் கண்டவர்களுள்ளும் சைலா ஒருவர்.