முன்னாள் படைவீரர் நலன் (இலங்கை)

முன்னாள் படைவீரர் நலன் என்பது முப்படைகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், காயத்தால் விலக நேர்ந்தவர்கள், பணியில் இறந்தவர்களின் குடும்பத்தார் ஆகியோருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம், பணிக்கொடை, மருத்துவம், வீடு, மறுவேலை முதலிய உதவிகளின் தொகுப்பு. இலங்கையில் இதை மக்கள் சுருக்கமாக ‘ஆமி பென்ஷன்’ என்பார்கள். உதவி எவ்வளவு என்பதைவிட, யார் படைவீரர் என்று எண்ணப்படுகிறார் என்பதே நூறு ஆண்டுகளாக இங்கே சச்சரவுக்குரிய கேள்வியாக இருந்துவருகிறது.

அந்தக் கேள்வியைக் கண்டி மலைப்பக்கத்திலிருந்து பார்ப்பது வசதி. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே ஓடும் கலஹா வீதி, மேலே ஏறிக் கலஹா கடைத்தெருவைத் தொட்டுத் தெல்தோட்டைப் பக்கம் போகிறது. அப்பால் லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். சிங்களக் கிராமம், தமிழர் வாழும் தோட்ட லயம், முஸ்லிம் ஊர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பகுதி இது. கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆமிக்காரரைக் காண்பது எளிது, லயத்தில் அரிது. காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. இலங்கை இராணுவம் 1949 அக்டோபர் 10-இல் உருவானது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச வேலை இல்லை, அதில் துப்பாக்கி வேலையும் அடக்கம். அந்தக் குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி முழுதாகத் தீர்ந்தது 2003-இல்தான்.

பணத்துக்கு முன் நிலம்

போருக்குப் போனவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பது அண்மைக்கால வழக்கம். அதற்கு முன் கொடுக்கப்பட்டது நிலம். போரில் இறந்த வீரனின் குடும்பத்துக்கு இறையிலி நிலம் விடுவதைத் தமிழ்க் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்று குறிக்கின்றன. கண்டி இராச்சியத்தில் முறை வேறு: ராஜகாரியம் என்ற ஏற்பாட்டின்படி நிலத்தை அனுபவிப்பவர் அதற்கு ஈடாகச் சேவை செய்யவேண்டும், படைச்சேவையும் அதில் ஒன்று. வயலுக்காகச் செய்யும் சேவை என்பதால் ‘ஓய்வுபெற்ற வீரர்’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பிரித்தானியர் 1832-இல் ராஜகாரியத்தை நீக்கினார்கள்.

அவர்கள் நடத்திய இலங்கை ரைபிள் படையில் மலாய்க்காரர்களே முதன்மையானவர்கள். 1873-இல் அந்தப் படையைக் கலைத்தபோது தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய் வேலை மட்டுமே தெரிந்த குடும்பங்கள் பொலிசுக்கும் தோட்ட வேலைகளுக்கும் இடம் மாறின. இலங்கையின் முதல் பெரிய ‘மறுவாழ்வுப் பிரச்சினை’ அதுதான் எனலாம்.

இரண்டு பூக்களின் சண்டை

1900-இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைகளின் ரைபிள் படை கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. அதன் உறுப்பினர்கள் ஐரோப்பியத் துரைமார். முதல் உலகப் போர் மூண்டதும், 1914 அக்டோபரில் இந்தப் படையிலிருந்து 237 பேர் கொண்ட அணி எகிப்துக்குக் கப்பல் ஏறியது. அடுத்த ஆண்டு கலிப்பொலி முனையில் தளபதி பேர்ட்வுட்டின் காவலராகவும் இவர்களில் சிலர் நின்றார்கள். இதே போருக்கு இலங்கையின் மற்ற இனத்தாரிலிருந்தும் பலர் போனார்கள். திரும்பி வந்தபின்தான் பிரிவினை வெளிப்பட்டது.

போர்நிறுத்த நாளான நவம்பர் 11-இல் சிவப்புப் பொப்பி மலர் விற்று நிதி திரட்டும் வழக்கம் கொழும்பிலும் கண்டியிலும் வேரூன்றியது. பணம் கொடுத்தவர்களில் இலங்கையர் ஏராளம். ஆனால் திரண்டதில் பெரும்பங்கு பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போயிற்று. இதைச் சகிக்காத எலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், அதே நாளில் போட்டியாகச் சூரியமலர் விற்பனையைத் தொடங்கினார். வரும்படி வறிய இலங்கை முன்னாள் படைவீரருக்கு என்பது அவர் அறிவிப்பு. சிங்களத்தில் ‘சூரிய’ என்பது நம் பூவரசு. வேலியோரத்தில் நின்று, சிறுபிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் அதே மரத்தின் மஞ்சள் பூவைத்தான் பேரரசின் பூவுக்கு எதிராக நிறுத்தினார்கள்.

1933-இல் தென்கொழும்பு வாலிபர் கழகத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர்கள் இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். ஆங்கிலேயப் பெண்மணியான டோரீன் யங், ‘மலர்களின் போர்’ என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதிப் பொப்பி நிதியைச் சாடினார், இயக்கத்தின் தலைவரும் ஆனார். அதன் பிறகு சூரியமலர் படைவீரர் நல முயற்சி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இவர்கள் மருந்தும் உணவும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குப் போனார்கள்; 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் முன்னணியில் இதே முகங்கள்தான். ஓர் இடதுசாரிக் கட்சியின் கருவிலே முன்னாள் சிப்பாய்களுக்கான உண்டியல் இருந்தது என்பதை இன்று நினைப்பவர் குறைவு. அந்த உண்டியல் யாருக்காகத் தொடங்கியதோ அந்தச் சிப்பாய்கள் கதையின் நடுவிலேயே காணாமற்போனதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பேராதனையில் தலைமையகம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குள் அலுவலகக் குடில்கள் எழுந்தன. அக்காலத்தில் இறந்தவர்களின் கண்டிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 200 கல்லறைகள் உள்ளன. பிரித்தானியர், கிழக்கு ஆப்பிரிக்கர், இலங்கையர், இந்தியர் எல்லோரும் ஒரே புல்தரையில், ஒரே அளவு கல்லின் கீழ். உயிரோடு இருந்தபோது கிடைக்காத சமத்துவம் அது.

இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம் தோன்றியதும் அதே 1944-இல். பொதுநலவாய நாடுகளின் முன்னாள் படைவீரர் கழகத்தோடு இணைந்து இச்சங்கம் இயங்குகிறது. 1921-இல் கேப்டவுனில் தொடங்கிய அந்தக் கழகம், சுதந்திரத்துக்கு முன் பிரித்தானிய முடியின் கீழ் பணிபுரிந்து வறுமையில் உள்ளவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் சிறு உதவித்தொகை அனுப்புகிறது. பொப்பி விற்பனையும் நின்றுவிடவில்லை. இப்போது வருமானம் இலங்கையருக்கே.

இருபத்திரண்டு ஆண்டு

இன்றைய ஏற்பாட்டின் அச்சாணி ஓய்வூதியம். சாதாரண சிப்பாய் 22 ஆண்டுகள் பணிபுரிந்தால் ஓய்வூதியத்தோடு வெளியேறலாம். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பதைத் தாண்டும்போது வீட்டில் இருப்பார். மாதத் தொகையோடு, இரண்டு ஆண்டு ஓய்வூதியத்துக்குச் சமமான பணிக்கொடை முன்னதாக மொத்தமாகக் கிடைக்கும். அது பின்னர் மாதாமாதம் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். மலைநாட்டுக் கிராமங்களில் பாதி கட்டிய வீட்டுக்குக் கூரை ஏறுவதும், முச்சக்கரவண்டி ஒன்று முற்றத்துக்கு வருவதும் இந்தப் பணத்தில்தான்.

பணம் ஓய்வூதியத் திணைக்களத்துடையது, கோப்பு இருப்பது பிரதேச செயலகத்தில். கலஹாக்காரருக்கு அது தெல்தோட்டைப் பிரதேச செயலகம். ஆண்டுக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று எழுத்தில் காட்டவேண்டும். கிராம சேவகரிடம், ஊர் வழக்கில் ஜி.எஸ்.ஸிடம், அடையாள அட்டையோடு போய் உயிர்வாழ் சான்றிதழில் கையொப்பம் வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த மாதங்களுக்குப் பணம் தடையின்றி வரும். விடுதலைப் புலிகளுடனான உள்நாட்டுப் போரில், யானையிறவில் ஷெல் விழுந்தபோது தப்பியவரும் வரிசையில் நின்று இந்தத் தாளை நீட்டத்தான் வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் ஏற்பாடு விரிவானது. இந்தியாவில் முன்னாள் படைவீரருக்கென்று 2003 முதல் தனி மருத்துவத் திட்டமும், 2015 முதல் ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ என்ற விதியும் உண்டு. தமிழ்நாட்டில் இவர்களுக்கு வேலை தேடித் தரவே டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் 1986-இல் தொடங்கப்பட்டது.

இறந்தவருக்கு வயதாகும் கோப்பு

இலங்கை ஏற்பாட்டில் தனித்து நிற்பது போரில் இறந்தவரின் சம்பளம். 1988-இன் பொது நிருவாகச் சுற்றறிக்கை வழியாக வந்த முறைப்படி, பயங்கரவாதச் செயலில் உயிரிழந்த அரச ஊழியரின் சம்பளம், அவர் உயிரோடு இருந்திருந்தால் 55 வயதை எட்டும் நாள் வரை குடும்பத்துக்குத் தொடரும். மணமானவர் என்றால் மனைவிக்கு, மணமாகாதவர் என்றால் அவரை நம்பியிருந்த பெற்றோருக்கு. 55 ஆனதும் சம்பளம் ஓய்வூதியமாக மாறும்.

1996-இல் 21 வயதில் முல்லைத்தீவு முகாமில் இறந்த ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் படத்தில் அவருக்கு என்றும் 21. கோப்பிலோ வயது ஏறிக்கொண்டே போய் 2030-இல் அவர் ‘ஓய்வுபெறுவார்’. அதற்குள் தாய்க்கு எண்பதாகியிருக்கும். குடும்பத்தைக் காலில் நிறுத்திய நல்ல ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் மனைவிக்கும் மாமியாருக்கும் இடையே எத்தனையோ வீடுகளில் பிளவு விழுந்ததும் இதே மாதப் பணத்தால்தான்.

காணாமற்போனவர் வீட்டில் நிலைமை இன்னும் கடினம். போரில் காணாமற்போன படையினர் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். மரணச் சான்றிதழ் எடுத்தால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்த தாய்மார் வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. 2016-இல் சட்டமான ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ இவர்களுக்கு ஓர் இடைவழி திறந்தது: இறந்தார் என்று சொல்லாமலே வங்கிக் கணக்கையும் சொத்தையும் கையாளலாம்.

கால் இழந்தவர்கள்

காயமுற்றோருக்கு ராகமையில் ரணவிரு செவன என்ற மறுவாழ்வு நிலையம் உண்டு. எழுந்து நடமாட முடியாதவர்கள் நீண்டகாலம் தங்கிப் பராமரிப்புப் பெற ‘அபிமன்சல’ என்ற இல்லங்களை இராணுவம் நடத்துகிறது; முதலாவது 2011-இல் அநுராதபுரத்தில் திறக்கப்பட்டது.

கண்ணிவெடி காலை எடுத்தவர்களுக்கு இலங்கையில் பெரிய உதவி ஜெய்ப்பூர் கால். 1831-இல் தொடங்கிய கொழும்பு நலிவுற்றோர் நண்பர் சங்கம் 1985 முதல் இதைச் செய்துவருகிறது. ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் ராஜஸ்தானில் உருவாக்கிய இந்த ரப்பர்ப் பாதத்தில் செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயல் சேற்றில் இறங்கலாம். சப்பாத்துக்குள் அடங்கும் மேல்நாட்டுக் காலைவிட நம் வாழ்க்கைக்கு இது பொருத்தம். என்றாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சமதரையில் உழைக்கும் கால், கலஹா போன்ற படிக்கட்டு நிலத்தில் விரைவில் தேயும். செயற்கைக் காலின் குழிக்குள் செருகிய எஞ்சிய கால் இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் உராய்ந்து புண்ணாகும்.

இவர்களின் பெரிய குறையாக இருந்தது ‘12 ஆண்டு’. ஊனத்தால் விலக்கப்பட்டவர் 12 ஆண்டு சேவையை முடிக்கவில்லை என்றால் ஓய்வூதிய உரிமை இல்லை என்பது விதியாக இருந்தது. சேர்ந்து மூன்றாம் ஆண்டில் காலை இழந்தவர் மீதி ஒன்பது ஆண்டை எங்கே போய் முடிப்பது? 2016 இறுதியில் இவர்கள் கொழும்புக் கோட்டையில் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக அமர்ந்து போராடினார்கள். நவம்பர் 7-இல் பொலிசார் அவர்கள்மீது தண்ணீர் பீய்ச்சினார்கள். வீரர் என்று மேடைதோறும் புகழப்பட்டவர்கள் நனைந்தபடி வீதியில் கிடந்த படம் நாடு முழுதும் பார்க்கப்பட்டது.

ரணவிரு என்ற சொல்

1999-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகாரசபையை உருவாக்கியது. ஊனமுற்ற படையினர், பொலிசார், இறந்தோர் மற்றும் காணாமற்போனோர் குடும்பங்கள் ஆகியோரின் நலன் அதன் பொறுப்பு. வீட்டு உதவி, பிள்ளைகளின் புலமைப்பரிசில், தொழிற்பயிற்சி எல்லாம் இதன் வழியே வருகின்றன. ‘ரண’ என்றால் போர், ‘விரு’ என்றால் வீரர். அரசின் தமிழ்ப் படிவங்களும் சொல்லை மொழிபெயர்க்காமல் ‘ரணவிரு’ என்றே அச்சிடுகின்றன. தமிழ்க் காதில் ரணம் என்றால் புண். அலுவலர் யாரும் எண்ணிச் செய்ததில்லை, ஆனால் பொருத்தம் தப்பவில்லை.

இந்தச் சொல்லுக்குள் மறுபக்கத்தில் போரிட்டவர்கள் இல்லை. சரணடைந்து அல்லது பிடிபட்டு அரசின் புனர்வாழ்வு நிலையங்களைக் கடந்த முன்னாள் விடுதலைப் புலிகள் 12,000 பேர் அளவில். அவர்களுக்குக் கிடைத்தது தொழிற்பயிற்சியும் விடுதலைச் சான்றிதழும் தொடர்ந்த கண்காணிப்பும். ஓய்வூதியம் கிடையாது, எதிரிக்கு எந்த அரசும் அதைக் கொடுப்பதும் அரிது. ஆனால் உடலில் சன்னத்தோடு வாழ்பவரின் வலிக்கு எந்தப் பக்கத்தில் பட்டது என்ற கணக்கில்லை. 2018-இன் இழப்பீட்டு அலுவலகச் சட்டம், பக்கம் பார்க்காமல் பாதிக்கப்பட்டவர் என்ற அளவில் அணுக ஒரு வழியைத் தாளிலாவது வைத்திருக்கிறது.

நாற்பது வயதுக்குப் பின்

நாற்பதில் ஓய்வுபெற்றவர் இன்னும் இருபது ஆண்டு உழைக்கவேண்டும். பலருக்குக் கிடைப்பது பாதுகாப்புக் காவலர் வேலை: வங்கி வாசல், ஆடைத் தொழிற்சாலை, தோட்டத்துக் கொழுந்துச் சாலை. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி எகிறியபோது மாத ஓய்வூதியம் அரிசிக்கும் எரிவாயுவுக்குமே போதவில்லை. 2023 ஜனவரியில், இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலிருந்த இராணுவத்தை 2024-இல் 1,35,000 ஆகவும் 2030-இல் 1,00,000 ஆகவும் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது.

இந்த நெருக்கடியில்தான் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ‘நல்ல சம்பளத்தில் முகாம் வேலை’ என்ற பேச்சு ஊர்களுக்குள் வந்தது. சுற்றுலா விசாவில் போன முன்னாள் படையினர் பலர் போர்முனையில் இறக்கப்பட்டார்கள். குறைந்தது 16 பேர் இறந்ததாக 2024 மே மாதம் அரசு சொன்னது. ஆள்கடத்தல் குற்றச்சாட்டில் ஓய்வுபெற்ற உயரதிகாரிகள் சிலரே கைதானார்கள். அந்நியப் போரில் கூலிக்குப் போனவர் இறந்தால் உள்நாட்டுச் சம்பள ஏற்பாடு எதுவும் அவர் வீட்டுக்கு வராது.

கணக்கில் வராத இன்னொரு கூட்டம் விட்டோடியவர்கள். விடுப்பில் வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாதவர், எத்தனை ஆண்டு போரிட்டிருந்தாலும், சட்டப்படி ஓய்வூதியமற்றவர். கைதாகும் அச்சத்தில் கடவுச்சீட்டுக்கோ நல்ல வேலைக்கோ விண்ணப்பிக்கத் தயங்குபவர். அரசு அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவிக்கிறது. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அப்படி ஒரு காலம் தரப்பட்டபோது 15,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்வந்து சட்டப்படி விலகல் பெற்றார்கள். கையில் கிடைத்தது விலகல் கடிதம் மட்டும்.