உதைத்துத் திறந்த துவக்கு

எங்களில் கன பேருக்கு ரவைக் கோது புதினமான பொருள் இல்லை. காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து பச்சைக் களிம்பு பிடித்து வரும். பழைய இரும்பு வாங்க வருகிறவர் பித்தளை எண்டால் விலை கூட்டித் தருவார். ஆனால், ஒருமுறை வெடித்த கோதை எறியாமல் எடுத்து, பழைய அளவுக்கு நெருக்கி, திரும்ப மருந்து நிரப்பிப் பாவிக்கிற ஆட்கள் இருக்கினம் என்பது எங்களுக்கே அண்மையில்தான் தெரியும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரரும் இலக்குச் சுடுகிறவர்களும் செய்கிற வேலை அது. அவர்கள் படுகிற ஒரு பாடு, சில கோதுகள் அளவு குறைக்கிற அச்சுக்குள் போகவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது. கைபிடியில் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டாலும் நகராது. அதையும் மீறி அமத்தினால் உள்ளே இறுகிவிடும், பிறகு வெளியில் எடுக்க ஏலாது. பழைய .303 கோதுகளில் இந்தக் கரைச்சல் பிரபலம். ஏன் என்று தேடப்போன நாங்கள், 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு பதுங்கு அகழியில் போய் நின்றோம்.

முதலில் கோது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது வெறும் மருந்துப் பை இல்லை. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. வெடிக்கிற கணத்தில் ஊதிப் பெருத்துத் துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் வாயு பின்பக்கம் கசிந்து சுடுகிறவரின் முகத்தில் அடிக்காது. அமுக்கம் இறங்கியதும் பித்தளை தலைமயிரளவு சுருங்கும். அந்தத் தலைமயிரளவு இடைவெளியில்தான் வெற்றுக் கோதை வெளியே இழுக்க முடிகிறது. ஆனால் அது பழைய அளவுக்குத் திரும்பி வராது. எந்த அறையில் வெடித்ததோ அந்த அறையின் வடிவத்தோடுதான் வெளியில் வரும். அதோடு, பித்தளை நெளிய நெளிய இறுகிக்கொண்டே போகும். குடம் அடிக்கிற கன்னார் இடையிடையே அதை நெருப்பில் காட்டி இளக்குவது இதற்காகத்தான்.

ஆக, அச்சுக்குள் போக மறுக்கிற கோது ஒரு சாட்சி மாதிரி. "நான் வெடித்த அறை இதைவிடப் பெரிசு" என்று சொல்கிறது. எண்ணெய்ப் பூச்சு போதாமல் இருக்கலாம், பித்தளை இறுகியிருக்கலாம், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது எந்தத் துவக்கிலிருந்து வந்தது என்றுதான்.

.303 ரவையைப் பிரித்தானிய இராணுவம் 1888இல் எடுத்துக்கொண்டது. பேரரசு போன இடமெல்லாம் அதுவும் போனது. எங்கட ஊர்க் கிழவர்கள் 'திரீ நொட் திரீ' என்று சொல்வது இதைச் சுடுகிற லீ-என்ஃபீல்ட் துவக்கைத்தான், இலங்கைப் பொலிசின் தோளில் கனகாலம் தொங்கியது. கனடாவும் அதே துவக்கைத்தான் கேட்டது. ஆனால் போயர் போர்க் காலத்தில் பிரித்தானியாவால் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. நாங்களே செய்கிறோம் என்றபோது அதற்கும் இடம் கிடைக்கவில்லை. அந்த நேரம் சேர் சார்ள்ஸ் றொஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரப் பிரபு, தான் வடிவமைத்த துவக்கோடு வந்தார். கியூபெக்கில் தொழிற்சாலை எழும்பியது. சொந்த நாட்டுத் துவக்கு! அந்தப் பெருமிதத்தை நாங்கள் இலேசாகச் சிரித்துத் தள்ளத் தயாரில்லை. ஏகாதிபத்தியம் தன் துவக்கைச் செய்யவே விடாத நாடு வேறென்ன செய்யும்?

றொஸ் துவக்கு உண்மையிலேயே கெட்டிக்காரத் துவக்கு. குறி தப்பாது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடும் போட்டிகளில் பரிசுகள் வாங்கியது. அதன் போல்ற்றைத் திருப்பத் தேவையில்லை, நேரே பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் சரி. அறையும் நெருக்கமான அளவில் கடையப்பட்டது, கியூபெக்கின் அரச தொழிற்சாலையில் அளவு பிசகாமல் செய்த ரவைகளுக்கு அச்சொட்டாக.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வெளியே ஜேர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அந்த முனையில் நின்றவர்களில் கனடாவின் முதலாவது டிவிசனும் ஒன்று. அடுத்தடுத்த நாட்களில் ஓயாமல் சுட வேண்டியிருந்தது. துவக்குச் சூடேறியது, சேறு புகுந்தது. கையிலிருந்ததோ கனடாவில் செய்த ரவை இல்லை. போர் தொடங்கிய அவசரத்தில் பிரித்தானியாவில் செய்து குவித்த ரவைகள், ஒன்று போல் ஒன்று இல்லை. கொஞ்சம் பருத்த கோது நெருக்கமான அறைக்குள் வெடித்தால் அந்தத் தலைமயிரளவு சுருங்க இடமேது? கோது இறுகிவிட்டது. திருப்பித் திறக்கிற போல்ற் என்றால் திருப்புகிற விசையே கோதை முதலில் கொஞ்சம் இளக்கித் தரும். றொஸ்ஸின் நேர் இழுவையில் அந்த உதவி குறைவு. படையினர் துவக்கை நிலத்தில் ஊன்றி, சப்பாத்துக் காலால் போல்ற்றை உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். எதிரி வந்துகொண்டிருக்கும்போது, ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு உதை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் றொஸ்ஸை எறிந்துவிட்டு, செத்துக்கிடந்த பிரித்தானியப் படையினரின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குக் கோபம் வரவைக்கிற பகுதி. கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் றொஸ் துவக்கின் பரம இரசிகர். துவக்கில் பிழை இல்லை, ரவையில்தான் பிழை என்று நின்றார். தளபதி அல்டர்சன் துவக்கை மாற்றச் சொன்னபோது, ஹியூஸ் அவருக்குக் காரமான கடிதம் எழுதி, அதன் பிரதிகளை அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கே அனுப்பினார். 1916 மே மாதம் பதவி போனது அல்டர்சனுக்கு. முதலாவது டிவிசனுக்கு 1915 கோடையிலேயே லீ-என்ஃபீல்ட் கிடைத்துவிட்டது, மற்றவர்கள் 1916 வரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஹியூஸும் வெளியேற்றப்பட்டார். 1917இல் அரசு தொழிற்சாலையைச் சுவீகரித்தது, றொஸ்ஸுக்கு நட்டஈடும் கிடைத்தது.

ஹியூஸ் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். ரவை மோசம்தான். ஆனால் எந்தப் பெட்டி ரவை தனக்கு வரும் என்று அகழியில் நிற்கிறவன் தெரிவு செய்ய முடியாது. அளவு பிசகாத ரவை கிடைத்தால் மட்டும் வேலை செய்கிற துவக்கை, அளவு பிசகின உலகத்துக்குள் அனுப்பிவிட்டு, பிழை உலகத்தில்தான் என்பது என்ன நியாயம்? காரணம் ஒன்றாகவும் இருக்கவில்லை. போல்ற்றின் பின்பக்கப் பற்கள் தடுப்பில் மோதி மோதி நசுங்கின, அதனாலும் இறுகியது. அறையைப் பெரிதாகக் கடைந்தார்கள், அதற்குள் படையினருக்குத் துவக்கில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. நிதானமாகச் சுடுகிற குறிசூட்டாளர்கள் மட்டும் றொஸ்ஸை விடவில்லை. ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகாபோ அவர்களில் ஒருவர். அவர் கதைக்கு ஒரு தனிக் கட்டுரை வேணும்.

லீ-என்ஃபீல்ட் ஏன் இறுகவில்லை? அதன் அறை தாராளமானது. பருத்த கோது, சேறு பட்ட கோது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். .303 கோதின் அடியில் விளிம்பு இருப்பதால் அந்த விளிம்பே கோதைப் பிடித்து நிறுத்தும், முன்பக்கம் எவ்வளவு வெளி இருந்தாலும் துவக்கு வெடிக்கும். ஒருமுறை சுட்டு எறிகிற இராணுவத்துக்கு அது போதும்.

ஆனால் கோது அந்த வெளி முழுக்க நீளுகிறது, பருக்கிறது. நூறு வருசம் கழித்து அதே கோதைக் கையில் எடுக்கிறவர் அதைப் பழைய அளவுக்கு நெருக்கும்போதுதான் கைபிடி அடம்பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நீட்டி நெருக்க, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உட்சுவர் வளையம்போல மெலிந்து வரும். ஒருநாள் அந்த இடத்தில் கோது இரண்டாகப் பிரிந்து, அடி மட்டும் வெளியில் வரும், மிச்சம் அறைக்குள்ளேயே நிற்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரு துவக்கில் வெடித்த கோதை அதே துவக்குக்கு என்று ஒதுக்கி வைத்து, கழுத்தை மட்டும் நெருக்குவார்கள், உடம்பைத் தொடமாட்டார்கள். எந்தத் துவக்கில் வெடித்தது என்று தெரியாத கோது கிடைத்தால், முனை வளைத்த மெல்லிய கம்பியொன்றை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். வளையம் தட்டுப்பட்டால், அந்தக் கோது பழைய பித்தளை வாளிக்குள் போய்விடும்.