நெகட்டிவும் கர்த்தாவும்

சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1850-களில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 1858-இல் படமெடுத்து, 21 அச்சுகளை ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சித்திரமாக ஒட்டிச் சேர்த்தார். வெறுமையாய் வெளுத்து நின்ற வானத்துக்கு நெகட்டிவின் மீதே மேகம் தீட்டுவதும் அவருக்கு வழக்கம். புகைப்படம் யந்திரத்தின் காரியமேயன்றிக் கலையன்று என்போருக்கு அந்த மேகங்களே போதிய பதில் என்பது என் அபிப்பிராயம்.

சட்டமோ கலைஞனை அடையாளம் காண வெகுகாலம் தயங்கிற்று. 1914-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நெகட்டிவின் சொந்தக்காரரையே கர்த்தாவாகப் பாவித்தது. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் படமெடுத்தவரே கர்த்தா என்று ஒப்புக்கொண்டும், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமையை அளித்தது. ஆகவே திருவள்ளூர் ஸ்டூடியோவில் எடுத்த மணமக்கள் படமும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் ஆயுதபூஜையன்று சந்தனப் பொட்டிட்ட லேத் இயந்திரத்தின் முன் தொழிலாளர் வரிசையாய் நிற்கும் படமும் பணம் கொடுத்தவருடையவை. ஆயினும், உரிமை கைமாறிய பின்னரும் தன் பெயரைக் கோரவும், தன் கீர்த்திக்குப் பங்கம் நேரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு கர்த்தாவுக்கு அதிகாரம் தருகிறது.

பழவேற்காட்டு ஏரியின் பூநாரைகளை எவர் சொல்லியும் அன்றித் தானே போய் எடுத்தவனுக்கு உரிமை முழுவதும் சொந்தம். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது அவன் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால் கைபேசிக்குக் கைபேசி தாவும் அப்படத்தில் முதலில் வெட்டுண்டு போவது மூலையிலுள்ள அவன் பெயர்தானே. நெகட்டிவும் இல்லாத இக்காலத்தில், அது தன் பாட்டனுடையதென்று பேரன் எதைக் காட்டி நிரூபிப்பான்?