சொல்லடைவும் தேடுபொறியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சொல் எந்நூலில், எவ்விடத்தில் பயின்று வருகிறது எனக் காட்டும் சொல்லடைவு தமிழாய்வுக்குப் புதியதன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. இணையத் தேடுபொறியும் அடிப்படையில் ஒரு சொல்லடைவே. இவ்விரண்டின் ஒப்புமையையும் வேறுபாட்டையும் அறிதல், தேடல் முடிவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.

தோற்றமும் வளர்ச்சியும்

1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடித் தந்தது. 1994இல் வெளிவந்த வெப்கிராலர், பக்கங்களின் முழு உரையையும் அடைவுக்குள் கொணர்ந்தது. 1995இல் வந்த அல்டாவிஸ்டா அவ்வடைவின் பரப்பைப் பெருக்கியது. முடிவுகள் மிகவே, எதனை முதலில் காட்டுவது என்னும் சிக்கல் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் நிறுவிய கூகுள் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் மதிப்பையும் கொண்டு அது வரிசை வகுத்தது.

செயல்முறை

தேடுபொறியின் பணி மூன்று நிலைகளில் நிகழ்கிறது. முதலாவதாக, ஒரு தானியங்கி நிரல் இணைப்புகளைப் பின்பற்றிச் சென்று பக்கங்களைத் திரட்டுகிறது. அடுத்து, திரட்டியவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியல் அமைக்கப்படுகிறது. இறுதியாக, பயனர் சொல்லைத் தந்ததும் அப்பட்டியலிலுள்ள பக்கங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆகவே, தேடும் பொழுதில் ஆராயப்படுவது இணையம் அன்று. முன்னரே அமைத்து வைத்த அடைவே ஆகும்.

தமிழ் எதிர்கொண்ட தடைகள்

தமிழ் மின்னூல்களைத் தொகுக்கும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. எனினும் அக்காலத்தில் தமிழுக்குப் பல எழுத்துக் குறியேற்றங்கள் வழங்கின. ஒரு குறியேற்றத்தில் உள்ளிட்ட சொல், வேறொன்றில் அமைந்த பக்கத்தோடு பொருந்தவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்'99 மாநாடு, டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. பின்னர் ஒருங்குறி பரவியதால் இத்தடை பெரிதும் நீங்கிற்று. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

குறியேற்றம் ஒன்றானபின்னும் புணர்ச்சி எஞ்சி நிற்கிறது. 'பொற்குடம்' என்பதில் 'பொன்' இருப்பதைச் சொல்லடைவு தொகுக்கும் புலவர் அறிவார். எழுத்துத் தொடரை மட்டும் ஒப்பிடும் பொறி அறியாது. 'மரம்' என்பதும் 'மரத்தை' என்பதும் அதற்கு இரு வேறு சொற்களே. இவற்றை இணைக்க உருபனியல் பகுப்பாய்வு வேண்டும்.

முடிவுரை

தேடலில் அகப்படாத சொல்லை இலக்கியத்தில் இல்லாத சொல் எனத் துணிதல் பொருந்தாது. அது வேற்றுமை ஏற்றோ, புணர்ந்தோ, மின்வடிவம் பெறாத ஏட்டிலோ இருத்தல் கூடும். அவ்வாறே, முதலில் நிற்கும் முடிவு பலரால் சுட்டப்பட்டதாக இருக்கலாம். அதனாலேயே அது பிழையற்ற பாடமாகிவிடாது. எனவே ஆய்வாளர் தேடுபொறியை நூலுக்குச் செல்லும் வழியாகக் கொண்டு, மூலத்தை நோக்கிய பின்னரே முடிவு கூறுதல் வேண்டும்.