வரிசையில் எத்தனை பேர்: மும்பைக் கணினிகளைக் கவனித்த கட்டளைகளின் வரலாறு

லினக்ஸ் கணினியின் முனையத்தில் ‘டாப்’ என்று தட்டினால் முதல் வரியின் வலது ஓரத்தில் மூன்று எண்கள் தெரியும். கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியவற்றுக்கான சராசரி அவை. தமிழில் இதைச் ‘சுமை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுமை என்றதும் தலைச்சுமை நினைவுக்கு வருகிறது. கணினி எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்டும் அளவு இதுதான் என எடுத்துக்கொள்கிறோம். அந்த எண் காட்டுவது வேறு. வேலை நடந்துகொண்டிருப்பவர்களும் முறைக்காக நிற்பவர்களும் சேர்த்து எத்தனை பேர் என்ற தலைக்கணக்கு அது. கவனிப்புக் கருவிகளின் வரலாற்றை யாருடைய காத்திருப்பு எப்போது கணக்கில் ஏறியது என்ற கேள்வியோடு படித்தால் தெளிவாகப் புரிகிறது. மும்பையின் கணினிகள் அந்த வரலாற்றின் படிகள் பலவற்றைக் கடந்து வந்தவை.

தொடக்கம் கொலாபாவில். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன் முன்னின்று உருவாக்கிய கணினி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும், 40 பிட் சொற்கள் 2,048 கொள்ளும் நினைவகமும் கொண்ட இயந்திரம் அது. அதைக் கவனிப்பது என்றால் குழாய் ஏதும் பழுதாகிவிட்டதா என்று ஆள் நின்று பார்ப்பதுதான். ஒரு நேரத்தில் ஒரே கணக்கு ஓடியதால் இயந்திரத்துக்குள் வரிசை என்ற ஒன்றே கிடையாது. வரிசை வெளியே, யாருக்கு எந்த மணி என்று எழுதிய தாளில் இருந்தது.

1964-இல் அதே நிலையத்துக்கு சிடிசி 3600 வந்தபின் வரிசை துளை அட்டைக் கட்டுகளாக மாறியது. கட்டைக் கொடுத்துவிட்டுப் போய், அச்சடித்த தாளை வாங்கப் பிறகு வர வேண்டும். எவ்வளவு நேரம் இயந்திரம் உழைத்தது என்ற கணக்கு வேலை முடிந்த பிறகே தெரியும். இயந்திர நேரம் தங்கம், மனித நேரம் தவிடு என்று இருந்த காலம். இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது என்பதொன்றே கவலை. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எந்த அளவியும் கேட்கவில்லை. செம்பூரைத் தாண்டி ட்ராம்பேயில் அணுசக்தித் துறையினர் உருவாக்கி 1969-இல் வெளிவந்த டிடிசி-12 சிறு கணினியும் இந்தச் சிந்தனைக் காலத்தைச் சேர்ந்ததே.

மாற்றம் காலப்பகிர்வோடு வருகிறது. 1970-களில் நரசிம்மன் தலைமையில் தேசிய மென்பொருள் வளர்ச்சி மையம் கொலாபாவில் அமைந்து, டெக்-10 கணினி வந்தது. ஒரே இயந்திரத்தில் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார முடிந்தது. பதில் வரத் தாமதமானால், தவறு தன் நிரலிலா, பக்கத்து அறைக்காரரிடமா என்ற சந்தேகமும் அன்றே பிறந்தது. டாப்ஸ்-10 இயங்குதளத்தில் அதற்கு ஒரு கட்டளை இருந்தது: ‘சிஸ்டாட்’. தட்டினால், இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, யார் யார் உள்ளே, ஒவ்வொருவரின் வேலையும் என்ன நிலையில் என்று பட்டியல் வரும். ஓடுவதற்கு ஒரு குறியீடு, விசைப்பலகையை எதிர்பார்த்து நிற்பதற்கு ஒன்று, தூங்குவதற்கு ஒன்று.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மையச் செயலியான சிபியு வேலை செய்யாத நேரத்தை அது இரண்டாகப் பிரித்துக் காட்டியது. வேலையே இல்லாததால் சும்மா இருந்தது ஒன்று. வேலை கேட்டு ஆள் நின்றும், அந்த ஆளின் நிரல் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து சேராததால் வீணானது இன்னொன்று. அதற்கு இழந்த நேரம் என்றே பெயர். சமையல்காரர் கை கட்டி நிற்கிறார், பந்தியில் இலை போட்டாயிற்று, மளிகை இன்னும் வண்டியில். காத்திருப்பவரின் பார்வையிலிருந்து இயந்திரத்தின் ஓய்வை அளக்கும் யோசனை இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது.

டெக்-10 குடும்பத்து பிடிபி-10 இயந்திரங்களில் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தார் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியிருந்தனர். 1973 ஆகஸ்டில் வெளியான 546-ஆம் எண் ஆர்எஃப்சி ஆவணம், அதன் சராசரிச் சுமையை ஓடத் தயாராக உள்ள ப்ராசஸ்களின் (இயக்கத்தில் உள்ள நிரல்களின்) சராசரி எண்ணிக்கை என்று விளக்கியது. பிறவியிலேயே அது ஆள் கணக்கு. ‘சுமை’ என்ற பெயர் ஆங்கிலத்திலேயே ஒட்டிவிட்டது. நாம் அதை அப்படியே பெயர்த்தோம். வரிசை நீளம் என்று பெயர்த்திருந்தால் பலருடைய குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது என் கருத்து.

வரிசை என்றால் மும்பைத் தமிழருக்கு முதலில் நினைவு வருவது ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட். கணினிக்கு முன் ஒவ்வொரு கவுன்ட்டரும் குறிப்பிட்ட ரயில்களின் பதிவேட்டை மட்டும் வைத்திருக்கும். சென்னை வண்டியின் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள். பக்கத்து ஜன்னலில் எழுத்தர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஊழியர் எவ்வளவு நேரம் வேலை பார்த்தார் என்று சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்ற ஏற்பாட்டை, நரசிம்மன் தொடக்கத்தில் தலைமை வகித்த சிஎம்சி நிறுவனம் இம்ப்ரஸ் என்ற மென்பொருளால் 1986-இல் டில்லியில் நிலைநிறுத்தியது; அடுத்து மும்பைக்கும் வந்தது. அது ஓடியது வாக்ஸ் கணினிகளில், விஎம்எஸ் இயங்குதளத்தில்.

விஎம்எஸ்ஸில் ‘மானிட்டர்’ என்ற கட்டளை இருந்தது. சிபியுவை அதிகம் விழுங்கும் ப்ராசஸ்களை வரிசைப்படுத்தித் திரையில் காட்டி, சில வினாடிக்கொரு முறை தானே புதுப்பிக்கும். ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் லெஃபெவ்ர் அதைப் பார்த்து 1984-இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதியதே ‘டாப்’. அதற்குமுன் பெர்க்லி யூனிக்ஸில் ‘விஎம்ஸ்டாட்’ இருந்தது. ஏடி அண்டு டி-யின் சிஸ்டம் ஐந்தில் ‘சார்’ இருந்தது. டாப் இப்போதைய நிலையைச் சொல்லும். சார் பகல் முழுவதும் குறித்து வைத்து மாலையில் கணக்குக் காட்டும். இரண்டின் குணமும் வேறு.

சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984-இல் அறிக்கை அளித்தபின் வங்கிகளில் கணினி நுழைந்தது. அதோடு யூனிக்ஸும் பரவியது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கிய தமிழர் தலைமுறையின் பிள்ளைகளுக்கு இப்போது கற்க வேண்டிய கட்டளைகள் வேறாயின. ஜூஹுவில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், அங்கிருந்து எஸ். ரமணி வளர்த்த எர்னெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பும் யூனிக்ஸ் பழக்கத்தைப் பெருக்கின. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு வழியாக வீட்டிலிருந்தே யூனிக்ஸைத் தொட்டவர்கள் உண்டு.

ட்ராம்பேயில் 1991-இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் அனுபம் என்ற இணைக் கணினியைக் கட்டத் தொடங்கியது. பல செயலிகள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யும்போது, மெதுவான ஒன்றுக்காக மற்றவை நிற்கும். ஒரு திரையில் ஒரு கணினியைப் பார்க்கும் டாப் இதற்குப் போதாது.

1993 அக்டோபரில் லினக்ஸில் நுழைந்த ஒரு சிறு திருத்தம் டாப்பின் முதல் வரியில் தெரியும் அந்த மூன்று எண்களின் பொருளையே மாற்றியது. வட்டுக்காகக் காத்து, இடையில் எழுப்ப முடியாத நிலையில் கிடக்கும் ப்ராசஸ்களையும் அது கணக்கில் சேர்த்தது. சிஸ்டாட்டின் இழந்த நேரம் இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு உருவில் திரும்பியதாகவே எனக்குத் தோன்றுகிறது. சேமிப்பகத்துக்காகக் காத்திருப்பது பெரிய அளவில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 பிப்ரவரி 24 அன்று தாராவிக்கு எதிரே, மீட்டி ஆற்றுக்கு மறுபுறம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் தேசியப் பங்குச் சந்தையின் வணிகம் 11.40-க்கு நின்று பிற்பகல் 3.45-க்கே தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளின் கோளாறைத் தொடர்ந்து சேமிப்பக அமைப்பு பதில் தராமல் போனது என்று சந்தை விளக்கம் அளித்தது. கணிக்கும் இடம் ஒன்று, தவிக்கும் இடம் வேறு.

இதைச் சிறு அளவில் தாராவி 90 அடி சாலையில், மாடியில் இயங்கும் ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்தேன். பழைய மடிக்கணினி, மட்டமான பென் டிரைவ். ஆசிரியர் நான்கு பெரிய கோப்புகளை நான்கு தனிக் கட்டளைகளால் நகலெடுக்க விட்டு, டாப்பைத் திறந்தார். இரண்டு நிமிடத்தில் மூன்று எண்களும் 3.4, 1.3, 0.5 என்ற அளவில் நின்றன. “சிபியு முழுக்க பிஸி சார்” என்றான் முன் வரிசைப் பையன். “மூன்றாம் வரியைப் படிடா” என்றார் ஆசிரியர். சிபியு செலவு இரண்டு சதவீதம்கூட இல்லை. நிலை காட்டும் பத்தியில் நான்கு ப்ராசஸ்களுக்கும் நேரே, எழுப்ப முடியாத காத்திருப்பைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்து. பிறகு விஎம்ஸ்டாட்டை ஓட்டினார்: ஓடத் தயாரானவற்றைச் சொல்லும் ‘ஆர்’ பத்தியில் சுழியம், தடைபட்டு நிற்பவற்றைச் சொல்லும் ‘பி’ பத்தியில் நான்கு.

நகல் முடிந்தது. மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தபோது முதல் எண் 0.2-க்குக் கீழே இறங்கியிருந்தது; நடு எண் இன்னும் 0.7 அருகே. அந்தப் பையன் நோட்டில் மூன்றையும் எழுதி, முதல் எண்ணைவிட நடு எண் ஏன் பெரிது என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.